அப்பா பிய்த்துப் பார்த்த தகரம்

பாப்பா, உன் ட்ரான்ஸ்ஃபார்மரை அப்பா உடைக்கவில்லை. லாரியிலும் ஏற்றவில்லை. கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில், நீ வைத்த அதே பலகை மேல்தான் இருக்கிறது. உன்னிடம் முதலில் சொல்லிவிட்டேன். இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

பாப்பா என் தங்கச்சி. பெயர் பாப்பா என்றாலும் பத்தொன்பது வயதுப் பெண். எங்களுக்கு ஆக்ரி வேலை. பழைய சாமான் எடுத்து, பிரித்து, இரும்பு, செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் என்று தனித்தனியாக ஆக்கி விற்பதைத் திருவனந்தபுரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்கு வந்தவர். நாங்கள் இரண்டு பேரும் இங்கேயே பிறந்தோம். ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் குடோன். அதன் பின்பக்கம் சின்ன முற்றம், முற்றத்தைத் தாண்டினால் வீடு. நான் எட்டாவதோடு நின்று அப்பாவுடன் வண்டிக்குப் போனேன். பாப்பா ஐடிஐ வரை போனாள். எலக்ட்ரீஷியன் படிப்பு. அவள் வகுப்பில் பெண்கள் நான்கே பேர்.

வலியசாலையில் ஒரு மாமி வீட்டில் இருந்து அந்த மைக்ரோவேவ் அடுப்பு வந்தது. தொட்டால் கை விர்ரென்று இழுக்கிறது, எடுத்துண்டு போயிடுங்கோ என்று மாமி வாசலிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். நான்தான் வண்டியில் ஏற்றிவந்தேன். மைக்ரோவேவ் வந்தால் எங்களுக்குக் கணக்கு சுலபம். மேல்தகடு இரும்பு. உள்ளே செங்கல் அளவுக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், கையில் எடுத்தால் நாலு செங்கல் கனம். உளியை வைத்து நாலு போடு போட்டால் சுருள் தனியாக, இரும்பு தனியாக வந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

பாப்பா அதை உடைக்க விடவில்லை. இந்த ஒன்றை எனக்குக் கொடுங்கள் என்று ஒரு வாரமாக அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தகரத்தோடு தகரத்தை ஒட்டுகிற மெஷின் செய்யப் போகிறாளாம். ஃபோனில் யாரோ செய்வதைப் பார்த்திருக்கிறாள். அப்பா தலையாட்டிவிட்டார். அவள் கேட்டு அப்பா இல்லை என்று சொன்ன சாமான் எதுவும் கிடையாது.

அந்த மைக்ரோவேவை நான் முற்றத்தில் இறக்கி வைத்திருந்தேன். அப்பா சரி என்ற அன்றே சாயங்காலம் மழை பிடித்தது. குடோனுக்குள் எடுத்து வைத்திருக்க வேண்டும். எனக்கு இடுப்பு வலி, ஃபோன் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். ஓடை நிறைந்து தண்ணீர் முற்றத்தில் முழங்கால் அளவுக்கு வந்தது. பாப்பா செருப்பில்லாமல் அந்தத் தண்ணீரில் இறங்கி, மைக்ரோவேவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். கால் விரலில் தகரம் கிழித்த காயம் ஏற்கெனவே இருந்தது. இதை அப்போது யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் அதில் வேலை செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திறக்கும் முன்னால் எங்கள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். உள்ளே டப்பா மாதிரி ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் கரண்ட் மிச்சம் நிற்கும் என்றாள். பத்து வருஷமாக நான் அதை வெறும் கையால் பிடுங்கிச் சாக்கில் போட்டிருக்கிறேன். அதைச் சொன்னதும் என்னை முறைத்தாள்.

"அண்ணா, நீ இன்னும் உசிரோட இருக்கது ஆச்சரியம், கேட்டியா" என்றாள்.

ட்ரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருள் இருக்கும். ஒன்று தடித்த கம்பி, அதில்தான் வீட்டுக் கரண்ட் ஏறும். இன்னொன்று முடி மாதிரி மெல்லிசுக் கம்பி, அதில் இரண்டாயிரம் வோல்ட் வரும். ஆளைக் கொல்வது அந்த மெல்லிசுச் சுருள்தான் என்று சொல்லி, அதை முதலில் எடுத்தாள். ஹாக்சா பிளேடால் அறுத்தாள், மிச்சத்தைக் கம்பி வைத்து இடித்துத் தள்ளினாள். இரண்டு நாள் ஆனது. அதே இடத்தில் கை விரல் தடிமனுக்குக் கேபிளை இரண்டே சுற்று சுற்ற வேண்டும். அப்போது வோல்ட் ஒன்றுமே இருக்காது, ஆனால் ஆம்பியர் கொட்டும், முனையில் வைத்த தகரம் உருகி ஒட்டும் என்றாள். கேபிள் கிடைக்கவில்லை. அங்கே நின்றது வேலை.

பத்தாம் நாள் காய்ச்சல். இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு ஐடிஐக்குப் போனாள். மூன்றாம் நாள் கால் தசை வலிக்கிறது என்று எழுந்திருக்கவில்லை. கண் மஞ்சளாகிவிட்டது. எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் வருமாம். இது வராமலிருக்க ஆக்ரி வேலைக்காரர்களுக்கு மழைக்காலத்தில் வாரம் ஒரு மாத்திரையைச் சுகாதாரக்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுவந்து தருவார்கள். வயிறு எரிகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகப் போட்டதில்லை. ஐந்தாம் நாள் அவள் போய்விட்டாள்.

இதை இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் காலையில் அப்பா குடோனுக்கு வந்தார். பலகை மேல் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்ததைப் பார்த்தார். பக்கத்தில் போகவில்லை.

"அத உடைச்சு சாக்குல போட்ருல. சனிக்கிழமை லோடுல போவட்டும். என் கண்ணுல படக் கூடாது" என்றார்.

நான் சனிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும் அப்பா என்றேன். அவர் முற்றத்துக்குப் போய்த் தராசை எடுத்தார். அன்று திங்கள்கிழமை.

அவள் பாதி செய்து வைத்திருக்கிறாள். மிச்சத்தை நான் செய்து ஓட வைத்துவிட்டால் அப்பா அதை உடைக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஓடவில்லை என்றால் நானே உளியை எடுத்து உடைக்க வேண்டும். அப்பா கையால் அதைச் செய்ய மாட்டார், எனக்குத் தெரியும். பாப்பா ஒன்பது நாள் உட்கார்ந்து செய்ததை நானா உடைப்பது?

கேபிள் அன்றே கிடைத்தது. விழிஞ்ஞம் துறைமுகப் பக்கத்திலிருந்து வருகிற ஆக்ரிச் சாக்கு ஒன்றில் வெல்டிங் கேபிள் துண்டுகள் இருந்தன. பாப்பா இருந்தபோது இந்தச் சாக்கு வந்திருக்கக் கூடாதா என்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு வேலையைப் பார்த்தேன். இடுக்கில் கேபிள் நுழையவில்லை. மேல் ரப்பரை உரித்து, துணி டேப் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, இழுத்து இழுத்து இரண்டு சுற்று ஏற்றினேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. துடைத்துக் காய வைத்தேன். இரண்டு மரக்கட்டைகளைக் கத்தரிக்கோல் மாதிரி சேர்த்து, அவற்றின் நுனியில் கூராக்கிய செம்புக் கம்பிகளை மாட்டினேன். கேபிளின் இரண்டு முனையையும் அந்தக் கம்பிகளில் இறுக்கினேன். நடுவில் தகரத்தை வைத்து அமுக்க வேண்டியதுதான்.

அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பா முற்றத்தில் எடை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வராமலே, அதுல இருக்கது செம்பா அலுமினியமா என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் பத்து வருஷமாக ஒரு நாளைக்கு நூறு முறை கேட்டிருக்கிறேன். கேட்டதும் கை அரத்தை எடுக்கும், கம்பியில் இரண்டு இழுப்பு இழுக்கும். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். பார்ப்பதற்குச் செம்பு மாதிரியே பூச்சு போட்ட அலுமினியக் கம்பி நிறைய வரும், அதனால் அரம் போடாமல் ஆக்ரிக்காரன் எதையும் நம்ப மாட்டான். என் கை அரத்தை எடுத்தது. பாப்பா தொடாமல் வைத்திருந்த தடித்த சுருள் மேல் இரண்டு இழுப்பு.

வெள்ளை. அலுமினியம் என்று சத்தமாகச் சொன்னேன். எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அலுமினியம்தானே, போனால் போகட்டும் என்று அப்பா விட்டுவிடலாம்.

புதன்கிழமை காலையில் குடோனில் கட்டிங் மெஷின் மாட்டுகிற பவர் பிளக்கில் அதை மாட்டி சுவிட்சைப் போட்டேன். பஸ் எஞ்சின் மாதிரி உறுமியது. கருகல் வாடை வந்தது. டப் என்று ஃபியூஸ் போய்விட்டது. அப்பா வாசலில் வந்து நின்று பார்த்தார். புது ஃபியூஸ் கம்பி எடுத்துவந்து அவரே கட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு சந்து தள்ளி இருக்கும் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன். அங்கே என் சேக்காளி இருக்கிறான். என்னோடு எட்டாவது வரை படித்தவன், இப்போது அவன் அப்பா கடையைப் பார்க்கிறான். அவன் பேச்சில் பாதி மலையாளம்தான். எதையும் கேட்காமல் முதலில் ஒரு பல்பை நடுவில் சேர்த்து, அது வழியாகக் கரண்ட் கொடுத்தான். சுருள் நன்றாக இருந்தால் பல்பு மங்கலாக எரியும், உள்ளே ஷார்ட் என்றால் பளிச்சென்று எரியும். பல்பு கல்யாண வீடு மாதிரி எரிந்தது. ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான்.

"எந்தருலே இது? எலி கடிச்சதா?"

"அரம் போட்டேன்."

"எதுக்கு?"

"செம்பா அலுமினியமான்னு பாக்க."

அவன் ஸ்டூலில் இருந்து விழுகிற மாதிரி சிரித்தான்.

"நீ கல்யாணத்துக்குப் போனா தாலியையும் சுரண்டிப் பாப்ப, கேட்டியா. அந்தக் கம்பிக்கு அதான் தோலு. தோலை உரிச்சுட்டு கரண்ட் கொடுத்தா அது என்ன செய்யும் பின்னே?"

பிறகு இரண்டு சுற்று மட்டும் போட்டிருந்த தடித்த கேபிளைப் பார்த்தான், பழைய சுருளை அறுத்த இடம் நேராக இருந்ததைப் பார்த்தான். நான் அப்படி நேராக அறுக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

"பாப்பா செஞ்சதா?"

ஆமாம் என்றேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த மோட்டார் வேலையை எடுத்துக் கீழே வைத்தான்.

கம்பி கருகவில்லை, ஃபியூஸ் சீக்கிரம் போனது நல்லதாகப் போயிற்று என்றான். அரம் போட்ட தூள்தான் ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவில் பாலம் மாதிரி நிற்கிறது. பழைய பல் தேய்க்கும் பிரஷை எடுத்து அரை மணி நேரம் தட்டித் தட்டித் தூளை எடுத்தான். மூங்கில் குச்சியால் கம்பிகளை நூல் அளவுக்கு விலக்கினான். வைண்டிங் வார்னிஷை நான் ஊற்றினேன், அவன் விளக்கைப் பிடித்தான். அது நன்றாகக் காய வேண்டும். வெளியே மழை விடவில்லை. அவன் கடையில் மோட்டார் காய வைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜ் கூடு உண்டு, உள்ளே இரண்டு பெரிய பல்பு எரியும். அந்தக் கூட்டை எங்கள் குடோனில் இருந்துதான் எடுத்துப் போயிருந்தான். ட்ரான்ஸ்ஃபார்மரை அதற்குள் வைத்து மூடினோம். வியாழன் இன்னொரு பூச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் அந்தப் பல்பை வைத்துப் பார்த்தான். மங்கலாக, சாமி படத்து முன்னால் இருக்கும் சின்ன விளக்கு மாதிரி எரிந்தது. இரண்டு பேரும் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கொண்டு போ. இனி இது பக்கத்துல அரத்தைக் கொண்டு போனா உன் கையை ஒடிப்பேன்" என்றான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்துவிட்டது. அப்பாவும் லாரிக்காரர்களும் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் குடோனுக்குள் பிஸ்கட் டின்னில் வெட்டிய இரண்டு தகரத் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. கட்டைகளை அமுக்க இரண்டு கையும் வேண்டும். சுவிட்ச் சுவரில் இருக்கிறது.

அம்மா குடோன் பக்கம் வந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. சமைப்பார், படுப்பார், அவ்வளவுதான். நான் கைக்கு எட்டுமா என்று சுவரையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதை முற்றத்தில் இருந்து பார்த்திருக்கிறார். ஈரக் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எந்த சுவிட்சு?" என்று கேட்டார்.

காட்டினேன். ரப்பர் ஷீட் மேல் நிற்கச் சொன்னேன். நான் போடு என்றால் போட வேண்டும், எடு என்றால் உடனே எடுக்க வேண்டும். அம்மா சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, இதைத்தான் பாப்பா என்னிடமும் சொன்னாள், நீ பிடி நான் போடுகிறேன் என்று அப்போதே அவளிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். எனக்கு அது தெரியாது.

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. உறுமல் வந்தது, தகரம் அப்படியே இருந்தது. மெஷின் மறுபடி செத்துவிட்டதோ என்று பார்த்தேன். ஃபியூஸ் போகவில்லை. தகரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிஸ்கட் டின்னின் பெயின்ட். பெயின்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? அரத்தை எடுத்தேன். சேக்காளி சொன்னது ஞாபகம் வந்து ஒரு நிமிடம் நின்றேன். பிறகு மெஷினை விட்டு வெகு தூரம் தள்ளி வாசல் வரை போய், தகரத்தை மட்டும் பளபளவென்று சுரண்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

"போடு" என்றேன். உறுமல். செம்புக் கூருக்கு நடுவில் தகரம் ஒரு குன்றிமணி அளவுக்குச் சிவந்தது. "எடு" என்றேன். அம்மா எடுத்தார். கட்டைகளைத் தூக்கினேன். இரண்டு தகரமும் ஒன்றாக வந்தன. ஆட்டிப் பார்த்தேன், விழவில்லை. அம்மா என் கையில் இருந்து வாங்கி, சூடு என்று தெரிந்தும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

அப்பா அடுத்த சாக்குக்காக உள்ளே வந்தார். அம்மா சுவிட்சுப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து நின்றார். அம்மா தகரத்தை நீட்டினார். அப்பா முப்பது வருஷமாகப் பிரிக்கிற ஆள். அவர் கையில் எதைக் கொடுத்தாலும் அதை எங்கே பிடித்தால் பிரியும் என்றுதான் விரல் தேடும். கொறட்டை எடுத்து ஒரு தகரத்தின் ஓரத்தைப் பிடித்தார், இன்னொன்றை முழங்காலில் அமுக்கி, மூச்சைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று கிழிந்த சத்தம் கேட்டது.

அப்பா இரண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு தகரத்தில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையில் இருந்த துண்டு இன்னொரு தகரத்தில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். கொறட்டால் முறுக்கினார். அது வரவே இல்லை.

"தகரம்தான்ல கிழிஞ்சிருக்கு. பாப்பா ஒட்டுனது கிழியல" என்றார்.

ஒட்டியது நான் என்று அவர் சொல்லவில்லை. அதுதான் சரி.

இன்னொன்று ஒட்டிக் காட்டச் சொன்னார். ஒட்டினோம். அதையும் இழுத்தார், அதுவும் அப்படியே. அடுத்ததில் நாலு பொட்டு வைத்துக் கொடுத்தோம். காலை வைத்து மிதித்து இழுத்தும் அசையவில்லை. அப்பா முகத்தில் வியர்வை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டார். வெளியே லாரிக்காரர், இன்னும் என்ன இருக்கிறது, அந்தப் பலகை மேல் கனமாக ஏதோ இருக்கிறதே, அதையும் போடலாமா என்று மலையாளத்தில் கேட்டார்.

"அது லோடுல இல்ல" என்றார் அப்பா. "அது எம்மகளோடது."

லாரி போன பிறகு நான் அப்பாவிடம் சொன்னேன். மைக்ரோவேவை மழையில் விட்டவன் நான்தான் என்று. ஒரு மாசமாக நெஞ்சில் வைத்திருந்தது. அப்பா தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும்ல. நானும் அன்னைக்கு அது நனையறதப் பாத்துட்டுத்தான் உள்ள போனேன்" என்றார்.

அம்மா இரண்டு பேரையும் பார்த்தார். மாத்திரை நாள் இன்றுதான், சாப்பிட்டுவிட்டு முதலில் அதைப் போடுங்கள் என்றார். போட்டோம். இப்போது ஒரு வாரமும் தவறுவதில்லை.

பாப்பாவோடு படித்த மூன்று பெண்களும் போன வாரம் குடோனுக்கு வந்தார்கள். நான் படிக்காதவன், அவர்களுக்கு என்ன சொல்ல என்று கூச்சமாக இருந்தது. முதலில் எந்தச் சுருள் ஆளைக் கொல்லும் என்பதைச் சொன்னேன், அதை எடுக்காமல் எதையும் தொடக் கூடாது என்றேன். பிறகு அரம் போட்ட தழும்பைக் காட்டினேன், சிரித்தார்கள். ஒருத்தி, இதை ஐடிஐயில் கொண்டுவந்து காட்ட முடியுமா என்று கேட்டாள். அப்பா, வண்டியில் நானே கொண்டுவருகிறேன் என்றார். தெருவில் பழைய இரும்பு கேட்டுக் கத்துகிற அதே குரலில், அத்தனை பெருமையாகச் சொன்னார்.

இதைப் படிக்கிற நீங்கள் கோயிலுக்குப் போகிறவராக இருக்கலாம், சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவராக இருக்கலாம், எங்கேயும் போகாமல் வீட்டில் இருந்தே கும்பிடுகிறவராகவும் இருக்கலாம். அடுத்த தடவை கை கூப்பும்போது என் தங்கச்சிக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெயர் வேண்டாம். ஆரியசாலை ஆக்ரிக்கடைப் பொண்ணு என்றால் போதும். அவள் போன இடத்தில் கால் நனையாமல், காய்ச்சல் இல்லாமல், நல்லா இருக்கணும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.